பணியில் தாக்கப்பட்ட செவிலியர் புகார் கொடுப்பதா, சமாதானமாகப் போவதா?

கேள்வி — தென்மாவட்டச் செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் இரவுப்பணியில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டில் பதினெட்டு நோயாளிகளுக்கு நானும் ஒரு நர்சிங் மாணவியும் மட்டுமே இருந்தோம். ஒரு முதியவருக்குப் பத்து மணிக்குப் போடவேண்டிய ஆன்டிபயாடிக் ஊசி மருந்து, முன்பணம் கட்டவில்லை என்ற காரணத்தால் மருந்தகத்திலிருந்து மேலே வரவில்லை. இன்டர்காமில் மூன்று முறை கேட்டேன். பதினொன்றரை மணி அளவில் அவருடைய மூத்த மகன் எங்கள் மேசைக்கு வந்து, "எங்கப்பாவ சாகடிக்கப் பாக்குறியா?" என்று கத்திக்கொண்டே என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கம்மல் கழன்று காது கிழிந்து இரத்தம் வந்தது. இரண்டாவது அடி விழாமல் குறுக்கே வந்து நின்றவர், பக்கத்துப் படுக்கை நோயாளியின் மனைவி. காவலாளி இரண்டு மாடிக்குக் கீழே வாசலில் இருந்தார்.

காலையில் மேலாளர் அழைத்து, அந்த மகன் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருப்பதாகவும், கல்யாணம் ஆகவேண்டிய பெண் ஸ்டேஷன் படி ஏறினால் எனக்குத்தான் பெயர் கெடும் என்றும் சொன்னார். வீட்டில் அம்மாவும் அதையே சொன்னார்கள். இரண்டு நாள் தயங்கிவிட்டு, மூன்றாம் நாள் அப்பாவுடன் போய் மனு கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா? மூன்று நாள் தாமதம் வழக்கைக் கெடுக்குமா? நிர்வாகம் துணை நிற்காமல் நான் தனியாக நிற்க முடியுமா?

பதில் 1 — வழக்கறிஞர், மதுரை

சகோதரி, தமிழ்நாட்டில் இதற்கென்றே, மருத்துவப் பணியாளர்கள், மருத்துவ நிறுவனங்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008-ஆம் ஆண்டின் 48-ஆம் எண் சட்டம் இருக்கிறது. மருத்துவமனை அரசுடையதா தனியாருடையதா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. மருத்துவர், பதிவுபெற்ற செவிலியர், நர்சிங் மாணவர் ஆகிய எல்லாரும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். அடித்தால்தான் குற்றம் என்பதும் இல்லை. பணியில் இருப்பவரை மிரட்டுவதும் தடுப்பதும்கூட அச்சட்டத்தின்படி வன்முறையே. தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை, அதோடு அபராதமும் உண்டு. ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. இந்தச் சட்டத்தின் பெயரும் எண்ணும் உங்கள் மனுவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இதைச் சாதாரண அடிதடியாக, ஜாமீனில் விடக்கூடிய பிரிவில் பதிந்து முடித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொல்லுமானால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. நிலையத்தில் மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். மூன்று நாள் தாமதம் வழக்கை மூழ்கடிக்காது. ஏன் தாமதம் என்பதை, மேலாளர் சொன்ன வார்த்தைகள் உட்பட, உள்ளது உள்ளபடி மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

இவற்றைவிட அவசரமானவை இரண்டு. சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். அந்த இரவின் பதிவைப் பாதுகாக்கும்படி இன்றே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அடுத்தது காது. அரசு மருத்துவமனைக்குப் போய், தாக்குதலில் ஏற்பட்ட காயம் என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்து ஏ.ஆர். நகல் பெறுங்கள். மற்றவர்களுக்கு இந்தப் பதிவைப் போட வழிகாட்டும் செவிலியர்கள், தாங்கள் அடிபட்டால் பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு டூட்டியைத் தொடர்ந்துவிடுகிறார்கள்.

பதில் 2 — ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்

மகளே, முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் கண்ணெதிரே செவிலியர்மேல் கை ஓங்கப்பட்ட நேரங்களை நினைத்துப் பார்க்கிறேன். அவற்றில் ஒன்றில்கூட அந்தக் கோபத்துக்குக் காரணம் அந்தச் செவிலியராக இருந்ததில்லை. ஸ்கேன் எடுக்கத் தாமதம், மருத்துவர் வரவில்லை, படுக்கை இல்லை, பணம் கட்டச் சொன்னார்கள் என்று எங்கோ யாரோ எடுத்த முடிவு எங்கள் வாய்வழியாகத்தான் உறவினர்களுக்குப் போய்ச் சேருகிறது. முடிவெடுத்தவர் வீட்டில் உறங்குகிறார். அதைச் சொன்னவள் கட்டிலருகே நிற்கிறாள். உனக்கு நடந்ததும் இதுவே. முன்பணம் வரும்வரை மருந்தை நிறுத்தியது நிர்வாகம். அறை வாங்கியது நீ. அதே நிர்வாகம் உன்னைச் சமாதானமாகப் போகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், பயிற்சி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். நீ பதினெட்டுப் பேரைப் பார்த்திருக்கிறாய். மாணவியைச் செவிலியராகக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இதையும் புகாரில் எழுது.

அந்த இரவின் நர்ஸ் ரிப்போர்ட்டில் இன்டர்காமில் அழைத்த மூன்று நேரங்களையும் குறித்தாயா? குறித்திருந்தால் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கு. சிகிச்சையில் அலட்சியம் என்று அந்தக் குடும்பம் உன்மேல் எதிர்ப்புகார் கொடுக்கக்கூடும். அப்போது உன்னைக் காப்பது அந்த மூன்று வரிகள்தான். குறிக்கவில்லை என்றால், இப்போது பழைய பக்கத்தில் எதையும் சேர்க்காதே. நினைவில் உள்ளதைத் தனித்தாளில் இன்றைய தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்.

பெயர் கெடும் என்ற பேச்சுக்கு ஒன்று சொல்கிறேன். 1973 நவம்பரில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில், உடை மாற்ற அடித்தளத்துக்குப் போன அருணா ஷான்பாக் என்ற செவிலியரை அங்கு வேலை பார்த்த ஒருவனே நாய்ச்சங்கிலியால் கழுத்தை இறுக்கிச் சீரழித்தான். அவள் பெயர் கெடக்கூடாதென்று பாலியல் குற்றத்தை மறைத்தார்கள். அவனுக்குக் கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும் மட்டுமே தண்டனை கிடைத்தது. 2015 மே மாதம் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள் நினைவிழந்து கிடந்த அவளைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துக்கொண்டவர்கள் அந்த மருத்துவமனைச் செவிலியர்கள். மறைத்ததால் நன்மை அடைந்தவன் குற்றவாளி ஒருவனே.

2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டபோது மாநிலமே பேசியது, பேசவேண்டியதுதான். செவிலியர் வாங்கும் அறைக்கு யாரும் பேசுவதில்லை என்பதால்தான் நீ எழுத்தில் பதிவு செய்யவேண்டும் என்கிறேன்.

பதில் 3 — நோயாளி ஒருவரின் மகன்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். 2021 மே மாதம் என் தந்தைக்கு ஆக்சிஜன் படுக்கைக்காகக் காத்திருந்தபோது, கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து நின்ற ஒரு செவிலியரைச் சொல்லக்கூடாத வார்த்தையால் திட்டினேன். அவர் பதில் பேசாமல் அப்பாவின் விரலில் கருவியை மாட்டி அளவு பார்த்தார். அப்பா பிழைத்தார், அந்தச் செவிலியரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எனவே அந்த மகனின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதற்றத்தில் இருந்த நான் மருத்துவமனை முதலாளியின் அறைக்கதவைத் தட்டிக் கத்தவில்லை. திருப்பி அடிக்கமாட்டார் என்று தெரிந்த ஒருவரிடம்தான் கத்தினேன். அவரும் அப்படித்தான் ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதனால் நீங்கள் புகாரைத் திரும்பப் பெறாதீர்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. சிசிடிவி கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். மேலாளர் முதலில் வாங்க மறுத்து, பிறகு கையெழுத்திட்டார். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். பதிவும் ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் மூன்றில் இரண்டு நேரங்களைத்தான் குறித்திருக்கிறேன். கண்காணிப்பாளர் அம்மா சொன்னபடி மூன்றாவதைச் சேர்க்கவில்லை. சட்டத்தின் பெயரையும் எண்ணையும் எழுதிப் புதிய மனு தயாராக இருக்கிறது. குறுக்கே வந்து நின்ற அந்த அக்கா சாட்சி சொல்லச் சம்மதிக்கிறார். ஆனால் அவருடைய கணவர் வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் ஆகிறார், ஊர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவரை ஸ்டேஷனுக்கு அலையவிட எனக்கு மனம் வரவில்லை.

பதில் 4 — வழக்கறிஞர், மதுரை

அலையத் தேவையில்லை. பெண் சாட்சியை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறிடத்துக்கு விசாரணைக்கு அழைக்கக் கூடாது என்பது நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. காவலர்தான் அவர் வீட்டுக்குப் போய் வாக்குமூலம் வாங்கவேண்டும். அவருடைய பெயரையும் ஊர் முகவரியையும் மனுவில் சேர்த்து, அவர் வீட்டில் விசாரிக்கும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள். மனுவை இரண்டு நகலாக எடுத்துச் செல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் அதன் நகலைக் கட்டணமின்றிக் கொடுக்கவேண்டியது அவர்கள் கடமை; அதை வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.