கோடை வகுப்பில் மண்பாண்டமா, தோடர் பூத்தையலா?

கேள்வி (திண்டுக்கல்)
அனைவருக்கும் வணக்கம். ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு, வரும் மே மாதத்தில் மலைமேல் தங்கி ஒரு கைவினையை முறையாகக் கற்க ஆசை. கொடைக்கானலில் பத்து நாள் மண்பாண்ட வகுப்பு ஒன்றும், உதகையில், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையல் வகுப்பு ஒன்றும் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வெள்ளெழுத்து உண்டு. நெடுநேரம் குனிந்திருந்தால் முதுகு வலிக்கும். எதில் சேரலாம்? செய்த பொருளைக் கையோடு கொண்டுவர முடியுமா?

பதில் (கொடைக்கானல்)
வணக்கம் அம்மா. மண்பாண்டத்தில் சேர்ந்தால், கையோடு கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காது. வனைந்த கிண்ணம் பாதி காய்ந்ததும் அடியைச் சீவி, முழுவதும் உலர்ந்த பிறகே சூளையில் வைப்பார்கள். ஈரம் உள்ளே தங்கினால் சூட்டில் அது ஆவியாகிக் கலம் வெடித்துவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், மே மாதத்திலும் பிற்பகல் மழையும் மூடுபனியும் இறங்குகிற இந்த ஊரில் மண் மெதுவாகத்தான் உலரும். பிறகு ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் முதல் சுடுதல், அதன்மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் கிளேஸ் பூச்சு, கல்போல் கெட்டியான ஸ்டோன்வேர் வகை என்றால் 1,200 டிகிரிக்கு மேல் இரண்டாம் சுடுதல் என வேலை நீளும். ஆகவே, சுடும் கட்டணம் வகுப்புக் கட்டணத்தில் அடங்குமா, சுட்டபின் பொருளை அனுப்பிவைப்பார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் இதை விட்டுவிடாதீர்கள் என்றே சொல்வேன். முழங்கையைத் தொடையில் ஊன்றி, ஈரக் கையால் அழுத்திப் பிடிக்கையில், தள்ளாடிக்கொண்டிருந்த மண் சக்கரத்தின் நடுவே சட்டென அடங்கி நிற்கும். அதை உள்ளங்கையில் உணர்வதற்காகவே கற்கலாம். முதுகுக்கு, இருக்கையின் உயரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பதில் (உதகை)
பூத்தையலில் துணிமேல் எதையும் வரைந்துகொள்வதில்லை, வளையச் சட்டமும் மாட்டுவதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் நெசவிழைகளை எண்ணியெண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலை ஓட்ட வேண்டும். திரும்பும் இடத்தில் நூலைச் சற்றுத் தளர விட்டால்தான் வேலைப்பாடு புடைத்து நிற்கும். இழை எண்ணுவதற்குக் கண் ஒத்துழைக்க வேண்டும் என்பதால், நல்ல பகல் வெளிச்சம் விழும் வகுப்பறையா என்று பாருங்கள். தையலை வீட்டிலும் தொடரலாம் என்பது இதிலுள்ள பெரிய வசதி.

இது 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற, தோடர் பெண்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் கலை. அவர்களே கற்பிக்கிறார்களா, கட்டணம் அவர்களைச் சென்றடைகிறதா என்பதை அவசியம் விசாரியுங்கள். இல்லையென்றால் அந்த வகுப்பைத் தவிர்த்துவிடுவதே நியாயம்.

கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. என் கண்ணை எண்ணி, இந்த ஆண்டு மண்பாண்டத்தையே தேர்ந்தெடுக்கிறேன். காரில் வருவதாக இருக்கிறேன்.

பதில் (கொடைக்கானல்)
மகிழ்ச்சி அம்மா. உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் வர, இணையத்தில் பதிந்து பெறும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் தேவைப்படுகிறது. புறப்படுமுன் அப்போதைய நடைமுறையைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தக் கவலை இல்லை.