இறால் கம்பெனிப் பங்கு: வைத்திருக்கவா, தள்ளிவிடவா?

பாம்பன்காத்து:
தங்கச்சிமடம் பக்கம் எங்களுக்கு ஒரு மீன்பிடி வல்லம் இருக்கிறது. ஜூன் மாதம் ஒரு சின்ன இறால் ஏற்றுமதி கம்பெனியில் 1,200 பங்கு, 92 ரூபாய்க்கு வாங்கினேன். பெயர் வேண்டாம். இறால்தானே, பிறந்ததிலிருந்து பார்க்கிற சரக்கு, நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு. 118 வரை போனது, விற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 27ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு இறக்குமதி வரியை 50 சதவீதம் ஆக்கியது, அதிலிருந்து சறுக்கல், இப்போது 61. ஒரு நாள் மூன்று ரூபாய் ஏறும், மறுநாள் நாலு இறங்கும், கரையில் வலையைச் சிக்கெடுக்கும்போதுகூட போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்பா திட்டுகிறார். இங்கே இறாலுக்கு நல்ல விலைதான் போகிறது, அதனால் பங்கும் திரும்பும் என்று மனசு சொல்கிறது. ஆனால் கார்த்திகைக்குள் இன்ஜின் வேலைக்கு 60,000 வேண்டும். என்ன செய்ய?

தொண்டிக்காரன்:
தம்பி, கரை விலையை வைத்து இதை எடை போடாதே. நீ பார்ப்பது கடல் இறால். இழுவை வலையில் ஆமை தப்பிக்கிற கருவி இல்லை என்று 2019லிருந்தே அதை அமெரிக்கா எடுப்பதில்லை. ஏற்றுமதிக் கம்பெனிகள் ஓடுவது பண்ணையில் வளர்க்கிற வனாமி இறாலில், அதிலும் ஆந்திரா சரக்குதான் அதிகம். அங்கே குளத்து விலை விழுந்தால் உன் ஏலக்கூடத்துக்குத் தெரியவே தெரியாது. விற்பனையில் எவ்வளவு அமெரிக்காவுக்குப் போகிறது, புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கிற முதலாளி, தன் பங்கை அடமானம் வைத்திருக்கிறாரா, இந்த இரண்டையும் பார்த்தாயா?

பாம்பன்காத்து:
அடமானத்தைப் பார்க்கவே இல்லை அண்ணே.

கீழக்கரைவாசி:
அதைப் பங்குச்சந்தைத் தளத்தில், காலாண்டுக்கு ஒருமுறை போடுகிற பங்குதாரர் விவரத்தில் பார்க்கலாம். ஆனால் எனக்கு வேறு பயம். வைக்கலாமா விற்கலாமா என்று யோசிக்கிற வசதியே சில நாள் இருக்காது. என்னிடம் ஒரு சின்னப் பங்கு இருந்தது, 5 சதவீத சர்க்யூட், அதாவது ஒரு நாளில் அதற்கு மேல் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. தொடர்ந்து ஆறு நாள் லோயர், அந்தக் கீழ் வரம்பிலேயே நின்றது. காலை 9 மணிக்கே ஆர்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன், எனக்கு முன்னால் விற்கிறவர்கள் லட்சக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள், வாங்க ஒரு ஆள் இல்லை. 40ல் விற்க நினைத்தது 29ல்தான் கழன்றது. விற்காத மீனைக் கருவாடாகவாவது போடலாம், இதை என்ன செய்ய? இன்ஜின் காசை இதில் விட்டு வைக்காதே. 1,000 பங்கை விற்றால் உன் 60,000 வந்துவிடும்.

பாம்பன்காத்து:
சரி காக்கா, ஆனால் 30,000க்கு மேல் நஷ்டமாச்சே!

தொண்டிக்காரன்:
அது விற்றாலும் நஷ்டம்தான், விற்காவிட்டாலும் நஷ்டம்தான். விற்றால் கணக்கிலாவது காட்டலாம். ஒரு வருஷத்துக்குள் விற்ற நஷ்டத்தை வேறு பங்கு லாபத்தில் கழிக்கலாம், இந்த வருஷம் லாபம் இல்லையென்றால் 8 வருஷம் வரை கொண்டுபோகலாம், வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாம்பன்காத்து:
இன்று காலை 1,000 பங்கை விற்கப் போட்டேன், 60.40க்குப் போனது. அடமான விவரம் பார்க்கும் வரை மீதி 200 கிடக்கட்டும். 92க்கு வாங்கியதை மட்டும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.