மசாலா மில் திட்ட அறிக்கை மாதிரி ஒன்று வேணும், உதவுங்க

வணக்கம். உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கம் மசாலா மில் தொடங்கும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டித் தாள் தயாரிக்கிறோம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கு ஆதாரோடு பான் எண்ணும் வேணும், கட்டணமே கிடையாது. காசு கேட்கிற இணையதளம் அரசுடையது இல்லை. மதுரை புதூரில் இருக்கும் மாவட்டத் தொழில் மையம் வரைக்கும் தாளில் எழுதியாச்சு.

இடிப்பது வங்கிக் கடனுக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில்தான். மிஷின் விலையைப் போடுகிறவர்கள் நடைமுறை மூலதனத்தை விட்டுவிடுகிறார்கள். தினம் 50 கிலோ மல்லி அரைத்து, கடைக்காரர் 15 நாள் கழித்துப் பணம் தந்தால், 750 கிலோ மல்லிக்கான காசு முதலிலேயே கையில் இருக்கணும். இல்லையென்றால் வட்டிக்காரரிடம்தான் போய் நிற்கணும். மிஷின் விற்பவர் தரும் கொட்டேஷனில் ஜிஎஸ்டி எண்ணோடு மோட்டார் எத்தனை ஹெச்பி என்பதும் இருக்கட்டும். மின் இணைப்புக்கும் அதுதான் கணக்கு. பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) மானியம் கைக்கு வராது, 3 வருடம் வங்கியிலேயே வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும். இதைத் தெரியாமல் நம்பி இறங்குகிறார்கள், பாவம்.

வங்கி ஏற்றுக்கொண்ட அறிக்கை யாரிடமாவது இருந்தால், பேர், கணக்கு எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்க. பல்வரைசர் (மசாலா அரைக்கும் மிஷின்) சல்லடை, சுத்தியல் ஸ்பேர் மதுரைக்குள் கைவசம் வைத்திருக்கும் கடை எது? சல்லடை கிழிந்தால் பொடி கொரகொரப்பாகிடும், அன்றைக்கு மில் நின்றுவிடும். சொல்லுங்க, தாளில் சேர்க்கிறோம்.