பொருள்: 'லஸ்ட்ரேஷன்' – தமிழ்ச் சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆட்சி மாறிய பின், பழைய ஆட்சியின் அமைப்புகளோடு தொடர்பிருந்தவர்களை ஆராய்ந்து உயர்பதவிகளிலிருந்து விலக்குவதே 'லஸ்ட்ரேஷன்'. அதற்கு வந்த 'தூய்மையாக்கம்' என்ற பரிந்துரை அச்சொல்லின் மூலமான ரோமானியச் சடங்கைச் சொல்கிறதே தவிர, நடைமுறையைச் சொல்லவில்லை. இன்னொரு சொல்லான 'களையெடுப்பு' (purge) 1930களின் சோவியத் நடவடிக்கைக்கு உரியது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

செக்கோஸ்லோவாக்கியாவைப் பாருங்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியின் எஸ்டிபி என்ற அரசியல் உளவுக் காவல்துறை 1990 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. 1991 அக்டோபரில் 451ஆம் எண் சட்டம் வந்தது. அரசு நிர்வாகம், படை, நீதிமன்றம், அரசு ஊடகம் ஆகியவற்றில் உயர்பதவிக்கு வருபவர் உள்துறை அமைச்சகத்தின் சான்றிதழைக் காட்ட வேண்டும். அமைச்சகம் எஸ்டிபியின் பழைய பதிவேட்டில் பெயரைத் தேடும். இருந்தால் அந்தப் பதவி இல்லை. வழக்கோ சிறையோ கிடையாது.

சிக்கல் பதிவேட்டில்தான். அதை எழுதியவர்கள் எஸ்டிபி அதிகாரிகளே. 1989 டிசம்பரில் ஏராளமான கோப்புகளை அவர்கள் அழித்தார்கள். பதிவில் பெயர் மிஞ்சும். அந்த ஆள் என்ன செய்தார் என்று காட்டும் கோப்பு இருக்காது. கையாளாக்கக் குறிவைக்கப்பட்டவர்களையும் சட்டம் முதலில் சேர்த்திருந்தது. அவர்களில் பலருக்குத் தம் பெயர் ஏறியதே தெரியாது. 1992 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த வகையை நீக்கியது, மிகச் சரியாக.

ஆகவே இங்கே சோதிக்கப்படுவது செயல் அல்ல, தொடர்பு. 'தொடர்பாய்வு' எனலாம் என்பது என் கருத்து.

---

ஐயா, காரணம் சரி. ஆனால் 'தொடர்பாய்வு' என்றால் இதழியல் மாணவர்கள் தகவல்தொடர்பு ஆராய்ச்சி என்றே படிப்பார்கள். 'முன்தொடர்பாய்வு' என்று நீட்டினால் குழப்பம் தீரும்.

'வெட்டிங்' (vetting) என்பதைத் தனியே வைக்க வேண்டும். போரின்பின் போஸ்னியாவில் ஐ.நா. காவல் பணிக்குழு செய்தது அதுதான்: ஒவ்வொரு காவலரின் போர்க்கால நடத்தையையும் கல்வித்தகுதியையும் பார்த்துச் சான்றளித்தது. இதற்கு 'முன்னடத்தை ஆய்வு' போதும். அரசு வேலைக்குத் தேர்வானவர்களைப் பற்றிக் காவல்துறை விசாரிப்பதை நம் அலுவலகங்கள் முன்நடத்தைச் சரிபார்ப்பு என்றுதானே சொல்கின்றன?

இராக்கில் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் 2003 மே 16 ஆணை, சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களைப் பதவிநீக்கியது. அமைச்சகங்களின் மேல் மூன்று நிர்வாக அடுக்குகளில் முழு உறுப்பினராக இருந்த எவரும் வெளியேற வேண்டியிருந்தது. அது தொடர்பு வழி. ஒரு வாரம் கழித்துப் படையையே இல்லாமல் செய்த இரண்டாம் ஆணை வெறும் 'கலைப்பு'. அங்கே ஆய்வே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், ஆயுதம் பழகிய லட்சக்கணக்கானோர் ஒரே ஆணையில் வேலையிழந்ததன் விளைவைத் தமிழில் விளக்கவே முடியாது.

---

'முன்தொடர்பாய்வு' எனக்கு உடன்பாடு. செக் சான்றிதழுக்கு, 'தடையின்மைச் சான்றிதழ்' போல, 'முன்தொடர்பின்மைச் சான்றிதழ்' என்று சேர்த்துவிடலாம். தொடர்பு இருந்ததாகவும் சான்றிதழ் வரும் என்பதால் பொதுப்பெயராக 'முன்தொடர்புச் சான்றிதழ்' முதலில் நிற்கட்டும்.