செம்பூரிலிருந்து அலிபாக், சனி–ஞாயிறு: முழங்கால் மாற்றிய தாத்தா, இன்சுலின் போடும் பாட்டி, இரண்டு வாண்டுகள்

செம்பூர்_வாசி கேட்கிறார்:

மும்பை செம்பூரிலிருந்து கடலோர ஊரான அலிபாகுக்கு ஆறு பேர் போகிறோம். அப்பாவுக்கு 74, இரண்டு முழங்காலும் மாற்றி எட்டு மாதம் ஆகிறது. தடியோடு சமதரையில் அரை கிலோமீட்டர் நடப்பார், பத்துப் படிக்கு மேல் முடியாது. அம்மாவுக்கு 69, காலை மாலை இன்சுலின். பிள்ளைகளுக்கு 9, 4.

ஜனவரியில் இரண்டு வார இறுதிகள் தோதுப்படுகின்றன. ஒன்றில் சனி தேய்பிறை துவிதியை, ஞாயிறு திருதியை. அடுத்த வாரம் சனி நவமி. நவமியில் கிளம்பக் கூடாது என்று அம்மா காலண்டரைக் காட்டுகிறார். சாஸ்திரம் ஒருபுறம் இருக்கட்டும், கடலுக்கு எது வசதி? காரா, படகா? பெரியவன் கடலுக்குள் இருக்கும் கோட்டைக்குப் போயே தீரவேண்டும் என்கிறான். தாத்தாவும் கூட வரவேண்டுமாம்.

---

டாக்யார்டு_ரோடு:

முதலில் போக்குவரத்து. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து போகும் படகை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மாண்ட்வாவுக்கு ஒரு மணி நேரம்தான், அங்கிருந்து அலிபாகுக்கு பஸ்ஸும் டிக்கெட்டிலேயே அடங்கும், எல்லாம் சரி. ஆனால் கேட்வேயில் ஏறுவது கல் படிக்கட்டிலிருந்து. நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் கீழ்ப் படிகள் பாசி பிடித்து வழுக்கும், படகு வேறு மேலும் கீழும் ஆடும். சில சமயம் ஒரு படகைத் தாண்டி அடுத்ததில் கால் வைக்கவேண்டியிருக்கும். முழங்கால் மாற்றியவருக்கு அந்த ஒரு எட்டு போதும், வினையாகிவிடும்.

பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் ஓடும் ரோ-ரோ கப்பல் வேறு ரகம். காரையும் ஏற்றிக்கொள்ளும், அதற்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். கரையில் இறங்கும் அகலமான சாய்தளம் வழியாக உள்ளே போகலாம், படி தாண்டும் வேலை இல்லை. உட்காரும் இடம் மேல் தளத்தில். மாடி ஏற முடியாதவர் ஒருவர் வருகிறார் என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லி, ஏற்பாட்டைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை திரும்பும் கப்பலில்தான் கார் இடம் முதலில் தீரும். அதைப் பதிவு செய்த பிறகு போகும் டிக்கெட்டை எடுங்கள், தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். காரோடு 45 நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள்.

சாலை வழி என்றால் சுமார் 90 கிலோமீட்டர். அடல் சேது என்ற கடல் பாலத்தில் 2024-இல் காருக்கு ஒரு வழிக்கு 250 ரூபாய் டோல், ஆனால் செம்பூர்க்காரர்கள் அதற்காகப் பின்னால் சிவ்ரி வரை போய் ஏறவேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வாஷி பாலமே போதும், 2024 அக்டோபரிலிருந்து அங்கே காருக்கு டோலும் கிடையாது. எந்த வழியில் போனாலும் வட்கல் என்ற ஊருக்கு வந்துதான் ஆகவேண்டும். அங்கிருந்து அலிபாக் வரை ஒடுங்கிய சாலை. சனிக்கிழமை எட்டு மணிக்கு மேல் அதில் நுழைந்தால் அப்பாவுக்குக் கால் மடக்கி நீட்ட இறங்க இடம் கிடைக்காது. மாற்று முழங்கால் ஒரே கோணத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இறுகும், அதனால் வட்கலுக்கு முந்தைய ஊரான பென் வரும்போதே ஒருமுறை நிறுத்தி நடக்கவிடுங்கள்.

தங்குமிடம் அலிபாகுக்குப் பக்கத்துக் கடற்கரைகளான வர்சோலி அல்லது நாகாவ். காஷித் அழகுதான், வெள்ளை மணல். ஆனால் கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் அதிகம், நான்கு வயதுக் குழந்தைக்கு அது சரிவராது. தவிர, அலிபாக்தான் ராய்கட் மாவட்டத்தின் தலைநகர், அரசு மருத்துவமனை அங்கேதான். காஷித்திலிருந்து அது 30 கிலோமீட்டர். அறையைக் கேட்கும்போது ‘கடலிலிருந்து எவ்வளவு தூரம்’ என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். தரைத்தளமா, குளியலறை வாசலில் படி உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ‘தரைத்தளம்’ என்பார்கள், வாசலில் நாலு படி கைப்பிடியில்லாமல் நிற்கும்.

---

ஓஹோட்டி:

திதியைச் சொல்லிக் கேட்டது நல்லதாயிற்று. இந்தக் கரையில் கோலி மீனவர்கள் போடுகிற கணக்கே அதுதான். திதி எண்ணை முக்காலால் பெருக்கினால் பர்த்தி, அதாவது நீர் ஏறி நிற்கும் நேரம், மணியில் வரும். பௌர்ணமிக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும்.

துவிதியை: 2 × ¾ = 1½. பகல் ஒன்றரைக்கு ஏற்றம். ஆறு மணி சொச்சம் முன்னும் பின்னும் ஓஹோட்டி, அதாவது காலை ஏழேகால் வாக்கிலும் இரவு ஏழேமுக்கால் வாக்கிலும் நீர் வற்றி நிற்கும். திருதியை: பகல் இரண்டேகால் ஏற்றம், காலை எட்டை ஒட்டி வற்றம். நவமி: காலையும் மாலையும் ஆறேமுக்காலுக்கு ஏற்றம், உச்சி வெயிலில் ஒரு மணிக்கு வற்றம்.

ஆக நவமியன்று மணல் விரிந்து கிடப்பது வெயில் கொளுத்தும் நேரத்தில். பெரியவர்கள் வெளியே வரக்கூடிய காலையிலும் மாலையிலும் கடல் மேலே ஏறி வந்து, காலுக்கடியில் புதைகிற காய்ந்த மணல் பட்டைதான் மிஞ்சும். போதாக்குறைக்கு அஷ்டமி நவமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் இரண்டுமே மந்தம். வற்றத்திலும் கோட்டைப் பாதையில் தண்ணீர் நிற்கலாம். அம்மா சொன்னது பஞ்சாங்கப்படி மட்டுமல்ல, கடல்படியும் சரி. துவிதியை–திருதியையிலேயே போங்கள்.

இந்தக் கணக்கு தோராயம். கடல் நாளுக்குச் சுமார் 48 முதல் 50 நிமிடம் பிந்தும், முக்கால் மணி என்பது 45தான். அதனால் திதி ஏற ஏறக் கணக்கு முன்னால் ஓடிவிடும், பதினைந்தாவது திதியில் முக்கால் மணி வித்தியாசம் கூட வரும். கிளம்புமுன் மும்பைக்கான ஓத அட்டவணையைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள், அலிபாகுக்கு அது போதும்.

கோட்டை: கொலாபா கோட்டை, மராட்டியக் கடற்படைத் தளபதி கான்ஹோஜி ஆங்கரேயின் தளமாக இருந்தது. ஞாயிறு காலை ஏழேகாலுக்கு அலிபாக் கரையில் இருங்கள். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்ததும் நடக்கலாம், அல்லது குதிரை வண்டி. எட்டுக்கு வற்றம் என்றால் எட்டரைக்குத் திரும்பத் தொடங்கிவிடவேண்டும். நீர் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு 2, 1. பௌர்ணமியை ஒட்டி இங்கே வித்தியாசம் 4 மீட்டரைத் தொடும். முதல் மணியில் 30 சென்டிமீட்டர் சொச்சம்தான் ஏறும், ‘இன்னும் நேரமிருக்கே’ என்று தோன்றும். பத்துக்குள் ஒரு மீட்டர் ஏறியிருக்கும், நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய தலையளவு. மாட்டிக்கொண்டவர்கள் படகுக்குக் காத்திருக்கவேண்டியதுதான்.

தாத்தா கோட்டைக்கு வேண்டாம். வழி பாறையும் பாசியும், குதிரை வண்டிப் படி அவர் இடுப்புக்கு நிற்கும். அவரைக் கரையில் ஈர மணலில் நடக்கவிடுங்கள்.

---

செம்பூர்_வாசி:

நன்றி சார், அம்மாவுக்குத்தான் ஏகப்பட்ட குஷி. சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்து வந்தால் மணலில் ஓடுமா?

---

ஓஹோட்டி:

வற்றத்தில் தெரியும் ஈர மணலில் ஓடும், இந்தப் பக்கம் அது கெட்டியாக இருக்கும். சிக்கல் சாலைக்கும் ஈர மணலுக்கும் நடுவில் உள்ள காய்ந்த மணலில். முன்னால் தள்ளினால் சின்னச் சக்கரம் இரண்டும் புதைந்து ஆள் முன்னே சாய்வார். நாற்காலியைத் திருப்பி, கொஞ்சம் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்திலேயே பின்பக்கமாக இழுங்கள். நைலான் பாய் இரண்டு இருந்தால் ஒன்றின் மேல் இழுத்து, அதைத் தாண்டியதும் எடுத்து முன்னால் போடலாம். தடியின் நுனிக்கு அகலமான ரப்பர் புஷ் மாட்டுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி கால் புதையாமல் இருக்க, முன்காலிரண்டும் ஒரு பலகையில், பின்காலிரண்டும் இன்னொரு பலகையில் நிற்கட்டும்.

பிள்ளைகள் முழங்காலளவுத் தண்ணீரோடு சரி. சனிக்கிழமை மாலை நாலரை வாக்கில் நீர் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும், கடல் உள்ளே இழுக்கும். ஆறு மணிக்கு மேல் அடங்கும், அதற்குள் இருட்டும் வந்துவிடும். அதனால் அன்று மணல் விளையாட்டு, ஞாயிறு காலை வற்றத்தில் தேங்கும் குட்டைகளில் தண்ணீர் விளையாட்டு. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள், ‘எல்லாரும் பார்த்துக்குவோம்’ என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். காரை மணலில் இறக்காதீர்கள்.

---

மாட்டுங்கா_மாமி:

சாப்பாட்டையும் மருந்தையும் யாரும் தொடவில்லையே.

தயிர் சாதம் புளிக்காமல் போகணும்னா தயிரைக் குறைக்கணும். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர், குழைய வடித்து மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறின பிறகு காய்ச்சின பால் இரண்டு டம்ளர், தயிர் இரண்டே ஸ்பூன். காலை ஐந்து மணிக்குக் கலந்தால் பன்னிரண்டரைக்குத் தானாகத் தோய்ந்திருக்கும். சூட்டோடு டப்பாவை மூடினால் வேர்த்துக் கெட்டுடும்.

அங்கே கானாவள்னு சொல்ற வீட்டுச் சாப்பாட்டு மெஸ்களில் சைவ தாலி உண்டு, பாக்ரி ரொட்டி, கடலைமாவு பிட்லா எல்லாம் நன்னாவே இருக்கும், ஆனால் முந்தின வேளையே சொல்லி வைக்கணும். சொல்லாமல் போனால் மீன் குழம்பு எடுத்த கரண்டிதான். இலை போட்டு முக்கால் மணி கழிச்சு சாதம் வரும். அதனால் அம்மாவுக்கு இன்சுலின் சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகு போடுங்கோ. ‘இதோ வந்துடும்’ என்பதை நம்பிப் போட்டால் சர்க்கரை இறங்கிடும். இறங்கினால் மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்கோ. மணலில் நடக்கிறது ரோட்டில் நடக்கிறதை விட உழைப்பு, அதுக்கும் சர்க்கரை குறையும்.

இன்சுலினை நிறுத்தின காரில் விடக்கூடாது, ஐஸ் மேலேயும் நேரே வைக்கக்கூடாது. உறைஞ்சால் வேலை செய்யாது. வாயகன்ற ஃபிளாஸ்க்கில் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர், இன்சுலின் பேனாவை டப்பாவில் போட்டு அதுக்குள்ளே. அம்மா வெறுங்காலோடு மணலில் இறங்கவேண்டாம், சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்திருந்தால் சிப்பி கிழிச்சாலும் தெரியாது. முன்பக்கம் மூடின செருப்பு, ராத்திரி இரண்டு பாதத்தையும் விளக்கில் பார்க்கணும்.

ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைச்சு சின்னவனுக்குக் கொடுத்துடாதீங்கோ. மணல் ஒட்டின குழந்தைக் காலைத் தேய்க்காமல் பவுடரைத் தூவித் தட்டினால் உதிரும்.

---

டாக்யார்டு_ரோடு:

மாமி சொன்னதோடு ஒன்று. படகில் குமட்டலுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் வயதானவர்களுக்கு மயக்கம், தடுமாற்றம் தரும். தடியோடு நடக்கும் அப்பாவுக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஜனவரியில் கடல் பெரும்பாலும் அமைதி, கப்பலின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்தாலே போதும். அலிபாகின் வெள்ளை வெங்காயச் சரம் பிப்ரவரிக்கு மேல்தான் சாலையோரம் தொங்கும். இப்போது வெள்ளை வெங்காயம் என்று யாராவது நீட்டினால் ஊர் கேட்டு வாங்குங்கள்.