தூசி சேர்ந்து பூமி ஆச்சு சரி, கல்லும் கல்லும் எப்படி ஒட்டுச்சு?

அல்சூர்_அம்மா:
சனிக்கிழமை பொண்ண இங்க பெங்களூர் நேரு கோளரங்கத்துக்கு கூட்டிட்டு போனேன். சூரியன சுத்தியிருந்த தூசியும் கேஸும் சேர்ந்துதான் பூமி வந்துச்சுன்னு கேட்டுட்டு வந்தவ, கட்டிலுக்கடியில இருந்து முடியும் நூலும் சுத்துன தூசி உருண்டைய எடுத்து நீட்டி இப்படித்தானாம்மாங்கறா. எதிர்ல பில்டிங் வேலை, உருண்டைக்கு பஞ்சமில்ல. ஆமான்னுட்டேன். ஆனா கல்லும் கல்லும் மோதுனா ஒடையத்தானே செய்யும்?

ஃபில்டர்காபி:
பாப்பா பாதி கரெக்ட் மேடம். 2003-ல டான் பெட்டிட்னு ஒரு விண்வெளி வீரர் ஸ்பேஸ் ஸ்டேஷன்ல கவர்ல உப்பு, சர்க்கரை போட்டு குலுக்குனாரு, சில செகண்ட்ல கட்டி கட்டியா சேர்ந்துருச்சு. ஜல்லி சைஸ் வரைக்கும் ஓகே.

சில்க்போர்டு_சிக்னல்:
அதுக்கப்புறம்தான் வம்பே. ஒடையறது ஒண்ணு, எதிர்காத்து இன்னொண்ணு. கேஸ அதோட பிரஷரே கொஞ்சம் தாங்கிப் பிடிக்கறதால அது லேசா ஸ்லோவா சுத்தும், கல்லுக்கு அந்த தாங்கல் இல்ல, அதனால பைக்ல போறப்ப மாதிரி எப்பவும் மூஞ்சில காத்து, வேகம் கொறஞ்சு கொறஞ்சு ஒரு மீட்டர் பாறைன்னா சில நூறு வருஷத்துலயே சூரியன்ல போய் விழுந்துரும். 2005-ல யூடின், குட்மேன்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஒரு வழி காட்டுனாங்க. ஜல்லி கூட்டமா சேர்ந்தா கேஸையும் சேர்த்து இழுத்துட்டு போகும், காத்து கொறையும், உள்ள நகர்றதும் மெதுவாகும், பின்னாடி வர்றதெல்லாம் வந்து மாட்டும். நம்ம சில்க் போர்டு டிராஃபிக் ஜாமேதான். அடர்த்தி ஏறுனா சொந்த ஈர்ப்புலயே சுருங்கி நேரா நூறு கிலோமீட்டர் சைஸ், நடுவுல மீட்டர் ஸ்டேஜே கிடையாது. எனக்கு இதான் நம்பற மாதிரி இருக்கு.

ராத்திரி_டூட்டி:
அப்புறம் ஈர்ப்பு பாத்துக்கும், மோதி மோதி பெருசாகும். 1969-ல மெக்சிகோல விழுந்த அயெண்டே விண்கல்லுல இருக்கற மாதிரி வெள்ளைப் பொட்டுங்கதான் சூரியன சுத்தி மொதல்ல கெட்டியான துணுக்குங்க, வயசு சுமார் 456.7 கோடி வருஷம், அங்கதான் கணக்கே ஆரம்பம். கேஸ் ஒரு கோடி வருஷத்துக்குள்ள காலி, பூமி முடிய பல கோடி ஆச்சு.

அல்சூர்_அம்மா:
பாட்டில்ல உப்பு போட்டு குலுக்கிட்டோம், ஒண்ணும் ஒட்டல 😅

ஃபில்டர்காபி:
இங்க எடை கீழ இழுத்துரும்ல. ஜூலை மழையில தானா கட்டியாகும், ஆனா அது ஈரம், பாப்பாகிட்ட அதையும் கிரகம்னு சொல்லிராதீங்க.