ஆகஸ்டில் 42 பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகலாமா?

கரூர் டீச்சர்:
பிளஸ் 1 உயிரியல் பிள்ளைகள் 42 பேர். பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. மண்டபம் போய், அங்கிருந்து குருசடைத் தீவுப் பக்கம் படகில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டலாம் என்று ஆசை. தலைமையாசிரியர் சுதந்திர தின விடுமுறையை ஒட்டிப் போகச் சொல்கிறார். ஆய்வகத்துக்கு மாதிரிகள் கொண்டுவரலாமா? காலி ஜாடிகள் நிறையக் கிடக்கின்றன.

பழைய லேப் அண்ணன்:
முதலில் ஜாடிகளைப் பரணில் ஏற்றுங்கள், டீச்சர்.

மதுரையில் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் 27 வருடம் உதவியாளராக இருந்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் மண்டபம் போனால் கடல் அட்டை, கடல்குதிரை எல்லாம் வாளியில் வரும், ஃபார்மலினில் இறங்கும். யாரும் கேட்டதில்லை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. 2001இல் கடல் அட்டையும் கடல்குதிரையும் வனவிலங்குச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. செத்த பவளத் துண்டு ஒன்று பிள்ளையின் பையில் இருந்தாலும் சிக்கல்தான். எங்கள் அலமாரியில் இருந்த பழைய ஜாடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஆகஸ்ட். வேண்டாம். குருசடை இருப்பது மன்னார் வளைகுடாப் பக்கம். தென்மேற்குக் காற்று நேராக அங்கேதான் அடிக்கும். ஒரு வருடம் ஆடிக் கடைசியில் போய் மாட்டினோம். அடிமணல் கலங்கி, தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அடியில் கண்ணாடி வைத்த படகில் குனிந்து பார்த்தால் எங்கள் முகம்தான் தெரிந்தது. ஒன்பது பேர் வாந்தி. பாதி வழியிலேயே படகைத் திருப்பிவிட்டார் ஓட்டியவர். அவர் செய்ததுதான் சரி.

தேதியை மாற்றவே முடியாதென்றால் பாக் விரிகுடாப் பக்கம் வாருங்கள். தொண்டிக்குத் தெற்கே காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பவளம் கிடையாது. ஆனால் வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை ஒரு பிள்ளை நாக்கால் தொட்டுப் பார்க்கட்டும், உப்புக் கரிக்கும். மரம் உப்பை எப்படி வெளியேற்றுகிறது என்று அதற்கப்புறம் நீங்கள் பாடம் எடுக்கவே வேண்டாம். கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் குத்திக் குத்தி நிற்கும் மூச்சுவேர், ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டும் ஆண் நண்டு, இவையும் உண்டு.

இன்னொன்று. அனுமதி கேட்டுவிட்டு ஒரு மிதவையுயிரி வலை கொண்டுபோங்கள், தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களைப் பிடிக்க. வளையம், துணி, கீழே ஒரு பாட்டில், அவ்வளவுதான். கொசுவலை ஆகாது, ஓட்டை பெரிது. மெதுவாகப் போகும் படகின் பின்னால் ஐந்து நிமிடம் இழுத்து, கரைக்கு வந்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வையுங்கள். (படகிலேயே பார்க்கக் கூடாது, தலை சுற்றும்.) நண்டின் இளம்புழுவைப் பார்த்து ஒரு பையன் “அண்ணே, கொசுவுக்குக் கொம்பு முளைச்சிருக்கு” என்றான். 14 பயணத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அதுதான்.

பாம்பன்காரி:
அண்ணன் சொன்ன மன்னார் வளைகுடாவை நாங்கள் தென்கடல் என்போம், பாக் விரிகுடாவை வடகடல் என்போம். காற்று மாறினால் அப்பா படகையே அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவார். டீச்சர், பவளம்தான் வேண்டுமென்றால் பிப்ரவரியில் வாங்க, தண்ணி தெளிஞ்சு கிடக்கும். வந்தால் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். விரலில் துணி சுற்றி, காலில் தட்டைக் கட்டி முங்குகிறவர்கள். கஞ்சிப்பாசி எங்கே வளரும், கட்டக்கோரை எங்கே வளரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

கரூர் டீச்சர்:
தலைமையாசிரியரிடம் பேசினேன். ஆகஸ்டில் காரங்காடு, இரண்டு குழுவாக. பிப்ரவரி பற்றி “பார்க்கலாம்” என்றார். அண்ணே, வலைத்துணி கரூரில் எங்கே கிடைக்கும்?

பழைய லேப் அண்ணன்:
ஜவுளி ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் சட்டத்துக்கு இழுத்துக் கட்டும் துணி இருக்கும். அரை மீட்டர் போதும்.